பள்ளிக்கு 'டேப்' வந்தால் என்ன மாறும்? 40 நிமிடப் பாடவேளையை வைத்து ஒரு கணக்கு

"எங்க பையனுக்கு டேப் எப்போ சார் தருவாங்க?" பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் போட்டால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பவர் மேல் தப்பே இல்லை. தொடக்கப் பள்ளி டீச்சர் கையில் டேப் இருக்கிறது, காலேஜ் பிள்ளைகளுக்கு லேப்டாப் என்று டிவியில் ஓடுகிறது, மூத்தவளுக்குப் பிளஸ் டூவில் லேப்டாப் கொடுத்தார்கள், அப்புறம் ஹரியானாவில் பத்தாம் வகுப்புக்கே டேப் கொடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எல்லாம் கலந்து ஒரே குழப்பமாகிவிட்டது. அதனால் அடியிலிருந்து ஆரம்பிக்கலாம்: யாருக்கு எது வந்தது, டேப் என்பது என்ன சாமான், வகுப்பில் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி மாவட்டத்தில் எங்கே போய் மாட்டிக்கொள்ளும்.

யாருக்கு எது வந்தது

1. பிளஸ் டூ லேப்டாப். 2011-இல் தொடங்கிய திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கானது. கொரோனாவை ஒட்டி நின்றுபோனது.

2. உயர் தொழில்நுட்ப ஆய்வகம், அதாவது ஹைடெக் லேப். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு அறைக்குள் ஒரு சர்வரும் அதோடு இணைந்த திரைகளும் வைத்தது. இது பள்ளியின் சொத்து, யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை.

3. ஆசிரியர் டேப். 2024 ஜூனில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்கள் வழங்கப்பட்டன. மொத்தச் செலவு 101.48 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்குச் சுமார் 12,700. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

4. கல்லூரி மாணவர்கள். 2025-26 மாநில பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் டேப் அல்லது லேப்டாப் என்று அறிவித்து முதலில் 2,000 கோடி ஒதுக்கினார்கள்.

ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைக்குத் தலைக்கு ஒரு டேப் என்பது இந்த நான்கிலும் இல்லை. ஹரியானா வீடியோ பொய்யில்லை, ஆனால் அது ஹரியானா. 2022 மே மாதம் 10 முதல் 12 வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 5 லட்சம் டேப், தினம் 2 ஜிபி டேட்டா என்று அங்கே ஆரம்பித்தார்கள்.

டேப் என்பது என்ன சாமான்

பெரிய திரை வைத்த போன் என்று நினைத்துக்கொண்டால் முக்கால்வாசி சரி. உள்ளே இருப்பது போனில் இருக்கும் அதே ஆண்ட்ராய்டுதான். வீடியோ பார்க்க, படம் தொட்டு நகர்த்த, சரியான விடையைத் தட்ட எல்லாம் சுகம். பக்கம் பக்கமாக எழுதுவதற்கும் புரோகிராம் எழுதிப் பழகுவதற்கும் லேப்டாப்தான். யாராவது "டேப் கொடுத்தால் பிள்ளை கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். டேப்பில் தட்டிப் பழகிய பிள்ளைக்கு ஒரு ஃபைலை எங்கே சேமித்தோம் என்று தேடத் தெரியாமல் போவது சர்வ சாதாரணம்.

விலை விஷயத்தில் நம் நாட்டுக்கே ஒரு பழைய பாடம் உண்டு. 2011 அக்டோபரில் மத்திய அரசு 'ஆகாஷ்' என்று ஒரு டேப்பை வெளியிட்டது. அரசு அதை வாங்கிய விலை 2,276 ரூபாய். உலகிலேயே மலிவு என்று அப்போது அமர்க்களம். ரேம் வெறும் 256 எம்பி, விரலால் அழுத்தினால்தான் நகரும் வகைத் திரை, பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. கொஞ்ச நாளில் பேச்சு அடங்கிவிட்டது. மலிவாக வாங்கியதால் மட்டும் அது கெடவில்லை என்றாலும், வகுப்பில் ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம் எடுக்கும் சாமானை எந்த வாத்தியாரும் இரண்டாவது முறை தொடமாட்டார்.

இனி மூன்று வார்த்தைகள். இதைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி வருபவை.

1. எம்டிஎம். எல்லா டேப்பையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் மென்பொருள். எந்த ஆப் இருக்கலாம், எந்தத் தளம் திறக்கலாம், தொலைந்தால் எப்படிப் பூட்டுவது எல்லாம் இதன் வேலை. இது இல்லாத டேப் இரண்டே நாளில் கேம் மெஷின்.

2. எல்எம்எஸ். பாடம், பயிற்சி, மதிப்பெண் எல்லாம் வைத்திருக்கும் அலமாரி. யார் எதைப் படித்தார் என்ற கணக்கும் இதில்தான்.

3. தகவமைப்புக் கற்றல். பிள்ளை சொல்லும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றும் மென்பொருள். இந்த மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது.

40 நிமிடத்தில் எவ்வளவு மிச்சம்

ஒரு பீரியட் 40 நிமிடம், சில பள்ளியில் 45. நாற்பது பிள்ளைகள், நாற்பது டேப் என்று வைத்துக்கொள்வோம். எச்.எம். ரூம் பீரோவிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்து, நம்பர் பார்த்து ஆளுக்கொன்று கொடுக்க ஐந்து நிமிடம். ஆன் ஆக ஒரு நிமிடம். அப்புறம் ஆரம்பிக்கும் கூத்து: "சார் பாஸ்வேர்டு மறந்துட்டேன்", "மிஸ் எனக்கு வெள்ளையாவே நிக்குது", "சார் இவனோடதுல சார்ஜ் இல்ல". இதற்கு ஒரு ஆறு நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வாங்கி, எண்ணி, ஒன்று குறைந்தால் மறுபடி எண்ணி, பூட்டிவைக்க ஐந்து நிமிடம். 17 நிமிடம் காலி. மீதி 23.

இது ஒரு தோராயம்தான். பழகப் பழகக் குறையும். ஆனால் பழக வேண்டும் என்றால் வாரத்தில் நாலு நாளாவது எடுக்க வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவை எடுத்தால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான். 23 நிமிடத்துக்குள் நடக்கும் விஷயம், கரும்பலகையில் 40 நிமிடத்தில் நடக்கும் விஷயத்தைவிட மேலாக இருந்தால்தான் டேப் எடுத்ததற்கு அர்த்தம். சும்மா பாடப்புத்தகத்தின் பிடிஎஃப்பைத் திறந்து "17-ஆம் பக்கம் பாருங்க" என்றால், அதற்குப் புத்தகமே போதும், அதற்கு சார்ஜும் வேண்டாம்.

எங்கே நிஜமாகவே உதவுகிறது

இரண்டு இடத்தில். முதலாவது, அசைந்தால்தான் புரியும் விஷயங்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் இருக்கிறது. எக்ஸ் வர்க்கம் மைனஸ் ஐந்து எக்ஸ் பிளஸ் ஆறு. பிள்ளை அட்டவணை போட்டு, கிராஃப் தாளில் புள்ளி வைத்து, கைநடுங்காமல் வளைவை இழுத்தால் அது எக்ஸ் அச்சை 2-லும் 3-லும் வெட்டும். ஒரு வரைபடத்துக்கு இருபது நிமிடம் ஆகும், பிறகு அடுத்த கணக்கு. அந்த ஆறை மாற்றினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் இன்னொரு இருபது நிமிடம். டேப்பில் ஜியோஜீப்ரா என்ற வரைபடம் போடும் ஆப்பைத் திறந்து அந்த ஆறை ஒரு ஸ்லைடரில் வைத்துவிட்டால், விரலால் மெல்ல நகர்த்தும்போது வளைவு மேலே ஏறுகிறது, வெட்டும் இரண்டு புள்ளியும் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன, 6.25 வரும்போது இரண்டும் சேர்ந்து 2.5-இல் ஒரே புள்ளியாகத் தொட்டு நிற்கின்றன, 7-க்குப் போனால் வளைவு அச்சை விட்டே எழும்பிவிடுகிறது. 'தன்மைக்காட்டி', 'மெய்யான மூலங்கள் இல்லை' என்று மனப்பாடம் செய்த வரி அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. நம் பாடப்புத்தகத்திலேயே 'இணையச் செயல்பாடு' என்று கட்டம் கட்டி க்யூஆர் கோடோடு இந்த மாதிரி விஷயங்களைக் கொடுத்திருக்கிறார்கள், பாதிப் பேர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். அறிவியலுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிடும் 'ஃபெட்' சிமுலேஷன்கள் உண்டு, பலவற்றைத் தமிழிலேயே திறக்கலாம். மின்சுற்று, அமிலம்-காரம் எல்லாம் ஒயர் கருகாமல், குடுவை உடையாமல் செய்து பார்க்கலாம்.

ஒன்று கவனியுங்கள், இதற்கு நாற்பது டேப் தேவையே இல்லை. நாலு பேருக்கு ஒன்று போதும். சொல்லப்போனால் நாலு பேர் சேர்ந்து "நீ நகர்த்து, இல்ல இப்படி நகர்த்து" என்று சண்டை போடும்போதுதான் கணக்கே பேசப்படுகிறது.

இரண்டாவது இடம் இன்னும் முக்கியம். ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் ஒன்பதாம் வகுப்பில் இல்லை. மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டு என்றால், மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி 'ஏழில் இரண்டு' என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கிறான். வாத்தியாருக்கு அது தெரியும். ஆனால் சிலபஸ் முடிக்க வேண்டும், ஐந்தாம் வகுப்புப் பின்னத்துக்குத் திரும்பிப்போக நேரம் எங்கே? நல்ல தகவமைப்பு மென்பொருள் இங்கே செய்வது இதுதான்: அந்தத் தப்பான விடையைப் பார்த்து, இவன் எப்படித் தப்பு செய்தான் என்று அடையாளம் கண்டு, அடுத்ததாக 'அரையும் அரையும் எவ்வளவு' என்று கேட்கிறது. அவன் முறைப்படி கூட்டினால் நான்கில் இரண்டு, அதாவது மறுபடி அரை. அரை இட்லியும் அரை இட்லியும் சேர்ந்தால் அரை இட்லியா என்று அவனுக்கே உறைக்கும். பக்கத்து பெஞ்சில் இருப்பவளுக்கு அதே நேரத்தில் வேறு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஓரளவு உறுதியான சான்றும் இருக்கிறது. டெல்லியில் 2015-இல் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங், அலெஹாந்திரோ கானிமியன் இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு. நடுநிலை, உயர்நிலை வகுப்பு மாணவர்கள் 619 பேர், குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருள் இருந்த மையத்தில் இடம். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்ததையும் அதே ஆய்வுதான் காட்டியது. இதைத் தூக்கிக்கொண்டு "பார்த்தீர்களா, டேப் ஜெயித்துவிட்டது" என்று விற்க வருவார்கள். இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விடுவார்கள். ஒன்று, அது பள்ளி வகுப்பில் நடக்கவில்லை, பள்ளி முடிந்த பிறகு தனி மையத்தில், வாரம் ஆறு நாள், தினம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. இரண்டு, அந்த ஒன்றரை மணியில் பாதிதான் கம்ப்யூட்டர், மீதிப் பாதி ஒரு ஆள் சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தது.

எங்கே உதவாது

நீளமாக வாசிப்பதற்கு. 2018-இல் 54 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள், கலந்துகொண்டவர்கள் மொத்தம் 1.7 லட்சத்துக்கும் மேல். தகவல் தரும் கட்டுரைகளைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்களுக்குக் கூடுதலாகப் புரிந்திருந்தது, அதுவும் நேரக் கெடு வைத்துப் படித்தபோது வித்தியாசம் அதிகம். சமூக அறிவியல் பாடத்தை டேப்பில் படிக்கச் சொல்வது வீண் வேலை என்பது என் கருத்து. ஸ்வீடன் போன்ற நாடே 2023-இல் திரையைக் குறைத்து அச்சுப் புத்தகம் வாங்கத் தனியாகப் பணம் ஒதுக்கியது.

அப்புறம் பொதுத் தேர்வு. பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் மூன்று மணி நேரம் பேனாவால் எழுத வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் காம்பஸும் ஸ்கேலும் பிடிக்கும் கைக்குத்தான். ஸ்லைடரில் புரிந்துகொண்டதைத் தாளில் வரைந்து பழகாவிட்டால் அந்த 16 போச்சு. தேர்வு தாளில் இருக்கும்வரை டேப் துணைக்குத்தான் வர முடியும்.

தமிழில் தட்டுவது இன்னொரு தலைவலி. தமிழ்99 விசைப்பலகையைப் பள்ளியில் யாரும் சொல்லித்தருவதில்லை, பிள்ளைகள் போனில் தங்கிலீஷில் அடித்துப் பழகியவர்கள். விடையைத் தட்டச்சு செய் என்றால் ஒரு வரிக்கு மூன்று நிமிடம். தளி, கெலமங்கலம் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளைப் பற்றி இங்கே தனியாக யோசிக்க வேண்டும். அவர்களுக்குப் பள்ளித் தமிழே இரண்டாவது மொழி, மென்பொருள் கேட்கும் கேள்வி புரியாமல் தப்பு செய்தால் 'இவனுக்குக் கணக்கு வராது' என்று அது முடிவு கட்டிவிடும். இந்தத் தவறை வாத்தியார் செய்யமாட்டார், முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

கரண்ட், சிக்னல், பீரோ

கரண்ட் செலவு என்று பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஒரு டேப்பின் பேட்டரி 7,000 எம்ஏஎச் என்றால் ஒரு முழு சார்ஜுக்கு சுமார் 27 வாட்-மணி. நாற்பதுக்கும் சேர்த்து, வீணாவதையும் கணக்கில் எடுத்தால் ஒன்றேகால் யூனிட். ஒரே நேரத்தில் இழுப்பது 600 வாட், இஸ்திரிப் பெட்டியைவிடக் குறைவு. பிரச்சினை பிளக் பாயின்ட். பல வகுப்பறையில் இருப்பது ஒன்று, அதுவும் லூஸ். நாற்பது சார்ஜர் செருக ஆறு துளை ஜங்ஷன் பாக்ஸ் ஏழு வேண்டும், அந்த ஏழையும் ஒன்றில் ஒன்றாகச் செருகி ஒரே பிளக்கில் விட்டால் லூஸ் கான்டாக்டில் சூடாகி உருகும். ஒயரிங் செய்யாமல் டேப் வாங்குவது மாட்டுக்கு முன்னால் கயிறு வாங்கின கதைகூட இல்லை, கொட்டகையே இல்லாமல் மாடு வாங்கின கதை.

பேட்டரியைக் கொல்வது இன்னொரு பழக்கம். ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஜூனில் திறப்பார்கள். லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரி: சூடு ஒன்று, முழுக்கக் காலியாகிக் கிடப்பது இன்னொன்று. நம்மூர் மே மாத வெயிலில், தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட அறையில், சார்ஜ் இல்லாமல் ஒன்றரை மாதம் கிடந்த டேப் ஜூனில் எழுந்திருக்காவிட்டால் கம்பெனி மேல் குற்றமில்லை. பாதி சார்ஜ் போட்டு, ஆஃப் செய்து, இருப்பதில் குளிர்ச்சியான அறையில் வைத்து, மாதம் ஒரு தடவை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த 'யாராவது' யார் என்பது எந்த உத்தரவிலும் இருக்காது.

சிக்னல். ஐபோனின் வெளிக்கூட்டைச் செய்து அனுப்பும் தொழிற்சாலை ஓசூர்ப் பக்கம் இருக்கிறது, அதே கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி மலைக் கிராமத்தில் போன் பேச மேட்டைத் தேடி நடக்கிறார்கள். அரூர் தாண்டி சித்தேரி மலைக்குப் போனாலும் அதே கதை. இதற்காக டேப்பே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு வீடியோவுக்கு நொடிக்கு 1 மெகாபிட் வேகம் என்று வைத்தால் நாற்பது பேருக்கு 40 மெகாபிட், டீச்சரின் போன் ஹாட்ஸ்பாட்டில் பொதுவாகப் பத்துப் பேர்தான் சேர முடியும், ஆக அந்த வழி அடைப்பு. மாற்று வழி உள்ளூர் சர்வர். பாடங்களை எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் இறக்கி வைத்து, அதை ஒரு ரவுட்டரோடு இணைத்துவிட்டால், இன்டர்நெட் இல்லாமலே பள்ளிக்குள் எல்லா டேப்பும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். 'கொலிப்ரி' என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. மாதம் ஒரு தடவை யாராவது டவுனுக்கு எடுத்துப்போய்ப் புதுப்பித்து வந்தால் போதும். ஹைடெக் லேபில் ஏற்கெனவே ஒரு சர்வர் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

வேறு ஊர்களில் நடந்தது

1. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ். 2013-இல் 130 கோடி டாலர் மதிப்பில் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று ஆரம்பித்தார்கள். கொடுத்த சில நாளிலேயே பிள்ளைகள் கட்டுப்பாட்டு மென்பொருளைக் கழற்றிவிட்டு இஷ்டத்துக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே ஒப்பந்தம் ரத்து. எம்டிஎம் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

2. பெரு. 'ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்' என்று கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். 300-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் செய்த ஆய்வு 2012-இல் வந்தது: கணக்கு, மொழி மதிப்பெண்ணில் கருவி வாங்கிய பள்ளிக்கும் வாங்காத பள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கருவி போனது, அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்பது கூடவே போகவில்லை.

3. பக்கத்து ஆந்திரம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பர்கூரிலிருந்து கூப்பிடு தூரம். 2022 டிசம்பரில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக 5 லட்சத்துக்கும் மேல் டேப் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்கள். 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. எட்டாம் வகுப்பில் வாங்கிய டேப் பத்தாவதுவரை ஓட வேண்டும், பாடத்தைத் தருகிற கம்பெனி அதுவரை இருக்குமா என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. டேப்பின் ஆயுள் மூன்று நாலு வருடம், பாடத்துக்கான உரிமம் அதைவிட முன்பே தீர்ந்தால் பிள்ளை கையில் இருப்பது வெறும் கண்ணாடி.

பிள்ளைகளின் தகவல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகவமைப்பு மென்பொருள் பிள்ளை எங்கே தப்பு செய்கிறான், எத்தனை நொடி யோசித்தான் என்பதையெல்லாம் சேமிக்கும், இல்லாவிட்டால் அது வேலையே செய்யாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள், அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும், பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. படிப்பு, பாதுகாப்பு சார்ந்த சில விஷயங்களில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டால் பெற்றோர் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அதுதான் பிரச்சினை. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.5. கட்டட வேலைக்கு பெங்களூரு போய் வருகிற அப்பாவிடம் படிவத்தைக் காட்டி வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது, கூட்டத்தில் வாயால் விளக்கிச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு டேப் கொடுத்துவிடுவதிலும் இதே யோசனை வேண்டும், இரவில் அதில் என்ன ஓடுகிறது என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறதா என்று.

இங்கே எது ஒத்துவரும்

என் கணக்கு இதுதான், மாற்றுக் கருத்து இருக்கலாம். தலைக்கு ஒன்று என்பதை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கு 12 டேப். அந்த 12,700 விலைக்கே பார்த்தாலும் ஒன்றரை லட்சம் சொச்சம், நாற்பது வாங்கினால் ஐந்து லட்சம். மிச்சமாகும் பணத்தில் முதலில் ஒயரிங், பிறகு ரவுட்டரும் உள்ளூர் சர்வரும், மீதியை உடைந்தால் சரிசெய்ய ஒதுக்கிவைக்க வேண்டும்.

1. கணக்கு, அறிவியலில் மட்டும், நாலு பேருக்கு ஒன்று, பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மட்டும். டேப்பை லீடர்கள் எடுத்து வந்தால் கொடுக்கவும் வாங்கவும் ஐந்து நிமிடம் ஆகாது.

2. அடிப்படை விட்டுப்போன பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் ஆளுக்கொன்று, தகவமைப்புப் பயிற்சி, கூடவே ஒரு ஆசிரியர். டெல்லியில் வேலை செய்தது இந்த வடிவம்தான். பத்தாவது ஸ்பெஷல் கிளாஸ் எப்படியும் நடக்கிறது, அதையே எட்டாவது, ஒன்பதாவதுக்கும் கொண்டுவந்தால் பத்தாவதில் பதற வேண்டியதில்லை. பஸ் ஐந்தரைக்கு என்றால் மதிய இடைவேளையில் வைக்கலாம்.

3. தனியார் பள்ளியில் ஃபீஸ் ரசீதில் 'டேப்' என்று ஒரு வரி சேர்ந்திருந்தால் பெற்றோர் கேட்க வேண்டியது மூன்று: வாரத்தில் எத்தனை பீரியட் எடுப்பீர்கள், பாடத்தின் உரிமம் எத்தனை வருடம், பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் டேப் யாருக்கு. முதல் கேள்விக்கே நேரான பதில் வராவிட்டால் மற்ற இரண்டைக் கேட்டுப் பயனில்லை.

கடைசியாக, சாவி. ஹைடெக் லேப் பூட்டியே கிடக்கிறது என்று கணக்கு டீச்சரைக் குறை சொல்கிறோம். இருப்புப் பதிவேட்டில் யார் பெயரில் ஏறியிருக்கிறதோ அவர் தலையில்தான் பொறுப்பு, தணிக்கையில் ஒன்று குறைந்தால் விளக்கம் எழுதுவது அவர், அதனால் பூட்டி வைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. வெளியே எடுத்தால் ஆபத்து, எடுக்காவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. டேப்புக்கும் இதே பதிவேடுதான் வரப்போகிறது. வகுப்பில் கீழே விழுந்து திரை உடைந்தால், பள்ளி மேலாண்மைக் குழு ஒரு தீர்மானம் போட்டு, 'பயன்பாட்டில் சேதம்' என்று எழுதிக் கழித்துவிட வழி வேண்டும், அதை டேப் வருவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் பீரோ சாவி எச்.எம். மேசையிலிருந்து ஸ்டாஃப் ரூம் ஆணிக்கு மாறும்.